சட்டம் இயற்ற முடியாத ஆலோசனை மன்றங்களால் என்ன பயன்?

நாடாளுமன்றத்தில் வாக்குரிமையே இல்லாத குடிமைச் சமூக மன்றம் கொள்கையை எப்படி மாற்றும் என்று கேட்டிருக்கிறீர்கள். மசோதா இறுதி வடிவத்தில் இறுகிப்போகும் முன்பே மன்றத்தின் கைக்கு வருவதுதான் அதன் பலம்.

தென்னாப்பிரிக்காவின் நெட்லாக்கை, அதாவது தேசியப் பொருளாதார வளர்ச்சி, தொழிலாளர் மன்றத்தை, பாருங்கள். 1994 சட்டப்படி உருவான இதில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்களோடு சமூக அமைப்புகளும் உட்காருகின்றன. தொழிலாளர் சட்ட வரைவுகள் இங்கே அலசப்பட்ட பிறகுதான் நாடாளுமன்றம் போக வேண்டும். 2019-இல் மணிக்கு 20 ராண்ட் என்ற தேசியக் குறைந்தபட்சக் கூலி அமலானது இங்கே நடந்த நீண்ட பேரத்துக்குப் பிறகுதான். போதாது என்று தெருவில் போராட்டமும் நடந்தது, அது வேறு கதை.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் இப்படி ஒரு ஆலோசனை மன்றம் உண்டு: அதன் பொருளாதார, சமூகக் குழு கருத்துரை மட்டும் தரும், ஏற்பது கட்டாயமில்லை.

அப்புறம், உறுப்பினர் யார் என்பதில்தான் உண்மையான அரசியல். சங்கமே இல்லாத வீட்டுவேலைத் தொழிலாளிக்காகப் பேச நாற்காலி கிடைப்பது அரிது.