ஒரே குற்றத்துக்கு எல்லோருக்கும் ஒரே தண்டனை என்று ஏன் வைக்கக்கூடாது?

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் கல்தேர் இன்றும் நிற்கிறது. கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்டான்; அரசன் மகனுக்கும் சலுகையில்லை என்பது அதன் பெருமை. ஆனால் கதைப்படி கன்றுதான் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. அந்த விவரத்துக்குத் தீர்ப்பில் இடமே இல்லை.

ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு மட்டுமே என்ற இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 303-ஐ உச்ச நீதிமன்றம் 1983-இல் ரத்து செய்தது. சூழலைப் பார்க்க நீதிபதிக்கு அந்தப் பிரிவு வழியே விடவில்லை.

களத்தில் ஒரு மூட்டை நெல் எடுத்த கூலியாளும் பம்ப்செட் மோட்டார் திருடுவதையே தொழிலாக வைத்திருப்பவனும் ஒன்றா? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டில் பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவைதான் தண்டனை. மறுபடி திருடினால் குறைந்தது 1 ஆண்டு கடுங்காவல். இது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கு, சூழல் எதுவானாலும், குறைந்தபட்சத் தண்டனை கட்டாயம் வேண்டும்.