இணைப்பு செத்துப்போன வேலைகள்

வணக்கம்.

தனியாக வலைத்தளங்கள் செய்துகொடுத்து ஒன்பது வருடமாகிறது. என் பக்கத்தில் பழைய வேலைகளுக்கான இணைப்புகளைக் கொடுத்திருந்தேன். போன வாரம் திறந்து பார்த்தால் பாதி வரவில்லை. ஒன்று சூதாட்டத் தளமாகிவிட்டது. செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுகிறது. தீம், படங்கள், டேட்டாபேஸ் காப்பி எல்லாம் வைத்திருக்கிறேன். ஆனால் என் கணினியில் ஏற்றினால் சிலது வெறும் வெள்ளைத் திரை, சிலதில் விட்ஜெட்டுகளைக் காணோம், இரண்டில் தமிழ் எழுத்தே குப்பையாக வருகிறது. மிச்சமிருப்பதை எந்த வரிசையில் வைப்பது? காசு வாங்காமல் செய்ததையும் சேர்க்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

வீணாகவில்லை. ஒரு கடைக்கு நீங்கள் செய்த தளம் நாலு வருடம் ஆர்டர் வாங்கித் தந்திருந்தால் அது வந்த வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்காக மனம் உடையாதீர்கள்.

வரிசையெல்லாம் பெரிய விஷயமில்லை. நல்லதாக ஐந்தாறு போதும், புதியது மேலே. காசு வாங்காததும் நன்றாக இருந்தால் வையுங்கள்.

தனியாக வேலை செய்பவர்கள் தங்கள் உழைப்புக்கான ஒரே சாட்சியை அடுத்தவர் கட்டும் வாடகையில் விட்டுவைப்பதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) வாடிக்கையாளருடையது, சர்வர் அவருடையது. டாட் காம் போன்றவற்றில் தவணை தப்பினால் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம், அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள், கடைசியாக 5 நாள். பிறகு யாரும் வாங்கலாம். பழைய டொமைனுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகள் கூகுள் தேடலில் மேலே வர உதவும், அதற்காகத்தான் சூதாட்டக்காரர்கள் அதை வாங்குகிறார்கள். அப்படி அவர்களுக்கு உதவும் இணைப்புகளில் உங்களுடையதும் ஒன்று. இன்றே நீக்குங்கள்.

ஆனால் 'எல்லாம் வைத்திருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஒருமுறைகூட ஏற்றிப் பார்க்காத காப்பி காப்பியே அல்ல. இத்தனை வருடம் செய்தவர் இதை இப்போதுதான் கண்டுபிடிப்பதா?

வெள்ளைத் திரை பெரும்பாலும் பிஎச்பி (தளத்தை சர்வரில் ஓட்டும் நிரல்மொழி) பதிப்பால் வருவது. 2015 டிசம்பரில் வந்த 7.0 மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸோடு பேசும் பழைய ஃபங்ஷன்களைத் தூக்கிவிட்டது. 2020 நவம்பரில் வந்த 8.0 இன்னும் பலவற்றை வெட்டியது. பிழையைத் திரையில் காட்டாதபடி அமைத்திருப்பதால் வெறும் வெள்ளை தெரிகிறது. பிழைகள் பதிவாகும் எரர் லாகின் கடைசி வரியைப் படியுங்கள், காரணம் அங்கே இருக்கும். கோடைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் அந்தக் காலத்து பிஎச்பியையே, 5.6 என்றால் 5.6, ஏற்றி ஓட்டுங்கள். உங்கள் கணினிக்குள் மட்டும். 7.4க்கே 2022 நவம்பரோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, வெளியே திறந்துவைத்தால் ஆபத்து.

விட்ஜெட் (பக்கத்தின் ஓரத்தில் வைக்கும் சிறு பெட்டி) காணாமல் போனது உங்கள் கைவேலை. டேட்டாபேஸ் கோப்பை எடிட்டரில் திறந்து பழைய முகவரியைத் தேடிப் புதியதைப் போட்டிருப்பீர்கள். தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் பல அமைப்புகளை எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துத்தான் சேமிக்கும். 18 எழுத்து முகவரியில் பாதுகாப்பு இணைப்புக்கான 'எஸ்' ஒன்று கூடினால் 19. பக்கத்திலிருக்கும் எண் 18 என்றே நின்றால் பிஎச்பியால் அந்தத் தொகுதி முழுவதையும் பிரிக்க முடியாது, அதிலிருந்த எல்லா விட்ஜெட்டும் போய்விடும். வேர்ட்பிரஸின் கமாண்ட் லைன் கருவியில் இதற்கென்றே தேடி மாற்றும் கட்டளை இருக்கிறது. எண்ணையும் அதுவே திருத்தும். முதலில் ஒத்திகையாக ஓட்டி எத்தனை இடம் மாறும் என்று பாருங்கள்.

குப்பை எழுத்து. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? அப்படியானால் உங்கள் தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது. எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். டேபிள், ஓர் எழுத்துக்கு ஒரே பைட் கொண்ட லத்தீன்-1 என்று குறிக்கப்பட்டிருப்பதால் மூன்று பைட்டும் தனித்தனி எழுத்தாகப் படிக்கப்படுகின்றன. நேராக யூடிஎஃப்-8க்கு மாற்றினீர்களோ, குப்பையே நிரந்தரமாகிவிடும். பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, டெக்ஸ்ட் நெடுவரிசையை முதலில் ப்ளாப் ஆக்குங்கள். அப்போது மைஎஸ்க்யூஎல் அதை வெறும் பைட்டாகவே வைத்திருக்கும். அடுத்து யூடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்டாக மாற்றுங்கள். வெறும் யூடிஎஃப்8 வேண்டாம், மைஎஸ்க்யூஎல்லில் அது மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் அதில் அடங்கும், எமோஜி அடங்காது.

இதையெல்லாம் தளத்தை ஒப்படைக்கும் நாளில் செய்திருந்தால் அரை நாள் வேலை. அன்றைக்குத் தளம் ஓடிக்கொண்டிருக்கும், எந்தப் பதிப்பு என்பதும் தெரியும். இனிமேல் ஒப்படைக்கும்போது பிஎச்பி, மைஎஸ்க்யூஎல், வேர்ட்பிரஸ், ஒவ்வொரு ப்ளகினின் பதிப்பையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதிவையுங்கள். டபிள்யூகெட் என்ற இறக்கும் கருவி கொண்டு தளம் முழுவதையும் படங்கள், ஸ்டைல் கோப்புகளோடு இறக்கி, இணைப்புகளை உள்ளூர் முகவரிகளாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நகலில் தேடலும் படிவமும் ஓடாது, பரவாயில்லை. முழுக்க ஜாவாஸ்கிரிப்டில் வரையப்படும் பக்கமென்றால் டபிள்யூகெட்டுக்கு வெற்றுக்கூடுதான் கிடைக்கும். அவற்றை பிரவுசரிலேயே முழுநீளப் படமாக எடுங்கள், கணினி அகலத்தில் ஒன்று, கைப்பேசி அகலத்தில் ஒன்று. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் இருக்குமே என்று இருந்துவிடாதீர்கள். லாகினுக்குப் பின்னால் நீங்கள் கட்டிய அட்மின் பக்கம் அங்கே ஒருபோதும் வராது. உங்கள் உழைப்பில் பாதி அதில்தானே இருக்கும்?

படங்களை வெளியிடலாமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள், அதில் இல்லையென்றால் வாடிக்கையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கடைத் தளங்களை ஏற்றும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அந்த டேட்டாபேஸில் உண்மையான மனிதர்களின் பெயரும் மின்னஞ்சலும், சில தளங்களில் பணம் வசூலிக்கும் பேமென்ட் கேட்வேயின் சாவியும் இருக்கும். ஏற்றி ஒரு பக்கத்தைத் திறந்த நொடியில் வேர்ட்பிரஸின் கிரான் (நேரம் குறித்த வேலைகளை ஓட்டும் பகுதி) விழித்துக்கொண்டு, நின்றுபோன வேலைகளை விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய ஆர்டருக்கான மின்னஞ்சல் நிஜமாகவே ஒருவருக்குப் போய்ச் சேரும், சந்தா விற்ற கடையென்றால் அவர் கார்டில் பணம்கூடப் பிடிபடலாம். ஆகவே நெட்டைத் துண்டித்துவிட்டு ஏற்றுங்கள். கான்ஃபிக் கோப்பில் கிரானை நிறுத்துங்கள், மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி கடவுச்சொல்லையும் கேட்வே சாவிகளையும் அழியுங்கள், வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளைப் பொய் முகவரிகளாக மாற்றுங்கள். இத்தனையும் முடிந்தபின் நெட்டை இணைக்கலாம்.