சீசன் விருந்தாளிக்கு ரோஜா, சபையாருக்கு?

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை குன்னூர்ப் பக்கம். ஏப்ரல், மே சீசனில் வெளியூர்க்காரர்கள் நிறைய வருகிறார்கள். அறிவிப்பு நேரத்தில் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, ரோஜா கொடுத்து, பெயர் கேட்கிறோம். சிலர் கூச்சப்பட்டு எழுவதே இல்லை. 'வந்துபோகிறவங்களுக்குப் பூ, எங்களை ஏன்னு கேட்க ஆளில்லை' என்று எஸ்டேட்டிலிருந்து வரும் சபையார் முணுமுணுக்கிறார்கள். வரவேற்புப் பொறுப்பை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?
- வாசகி, குன்னூர்

பதில்: சகோதரி, முதலில் எழுந்து நிற்கச் சொல்வதை நிறுத்துங்கள். ஏதோ துக்கத்தில் ஒரு ஓரமாக உட்கார வந்தவர் இருப்பார்; ஆராதனை எப்படி நடக்கும் என்று பார்க்க வந்த பிற மதத்தவர் இருப்பார். அத்தனை தலைகளும் திரும்பினால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். "புதிதாக வந்தவர்களுக்கு ஸ்தோத்திரம், முடிந்ததும் வாசலில் டீ இருக்கிறது, இருந்து போங்கள்" என்று செயலர் சொன்னால் போதும்.

சபையாரின் முணுமுணுப்பு நியாயமானது. காரில் இறங்குகிறவர்களை நோக்கி இரண்டு பேர் ஓடுவார்கள். நனைந்த ஸ்வெட்டரோடு பஸ்ஸிலிருந்து ஏறி வருகிற குடும்பம் தானே பெஞ்சு தேடிக்கொள்ளும். பைபிளில் யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரம் கண்டிப்பது இந்தப் பாரபட்சத்தைத்தான். வாசலில் நிற்பவருக்கு ஒரே விதி வையுங்கள்: யார் முதலில் படியேறுகிறாரோ அவருக்கே முதல் வணக்கம்.

150 பேர் கூடும் சபைக்கு ஒரு ஞாயிறுக்கு 4 பேர் வேண்டும். ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பே வந்துவிட வேண்டும். ஒருவர் கேட் பக்கம், படியேற முடியாத முதியவர்களுக்கு. ஒருவர் வாசலில், இருவர் உள்ளே. படுகர்களின் மொழியான படுகு பேசுகிறவர் ஒருவர் இருந்தால் நல்லது. வாசலில் குடை போட இரண்டு டிரம் வையுங்கள். இல்லாவிட்டால் நடுவழியெல்லாம் தண்ணீர் சொட்டி வழுக்கும். செருப்போடு உள்ளே வரலாமா, ஆண்களும் பெண்களும் தனித்தனியாக உட்கார வேண்டுமா என்பதையும் வாசல்காரரே சொல்லிவிட வேண்டும். முக்காடு போடாத பெண்ணை மட்டும் யாரும் திருத்த வேண்டாம்.

அடுத்தது பின்பெஞ்சு. பழைய ஆட்கள் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்துகொள்வார்கள். தாமதமாக வருகிற புதியவர் முன்வரிசை வரை நடக்க வேண்டும். பாதியில் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. கடைசி இரண்டு பெஞ்சுகளைக் கயிறு கட்டி முதல் பாடல் வரை காலியாக வையுங்கள். ஜெபத்தின்போதும் வேதபாடத்தின்போதும் யாரையும் நடத்திக்கொண்டு போகாதீர்கள், பாட்டு வரட்டும். பாமாலைப் புத்தகத்தை அந்தப் பக்கத்தைத் திறந்தே கையில் கொடுங்கள்.

திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) நடக்கும் ஞாயிறன்று யார் யார் அதற்கு வரலாம் என்பதை ஆயரிடம் கேட்டு, ஒரே வாக்கியமாக அவரையே அறிவிக்கச் சொல்லுங்கள். கத்தோலிக்கர் உட்கார்ந்தே இருந்தால் வற்புறுத்த வேண்டாம். பிற சபைகளின் திருவிருந்தில் பங்கெடுக்க அவர்கள் சபை ஒழுங்கு அனுமதிப்பதில்லை.

உண்மையான வரவேற்பு, ஆராதனையை முடிக்கும் ஆசீர்வாதத்துக்குப் பிந்தைய பத்து நிமிடத்தில்தான். டீயை வாசலிலேயே கொடுங்கள். கீழே இருக்கிற ஹாலில் வைத்தால் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இறங்க மாட்டார்கள். 100 பேருக்கு 5 லிட்டர் பால், 5 லிட்டர் தண்ணீர், கால் கிலோ டீத்தூள், ஒரு கிலோ சர்க்கரை போதும். கூட ஆளுக்கு ஒரு வர்க்கி பிஸ்கட். கமிட்டிக்காரர்கள் முதல் சில நிமிடம் தங்களுக்குள் பேசக்கூடாது. இதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம், கமிட்டி விஷயங்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் ஞாபகம் வரும்!

பேசும்போது "சொந்த ஊர் எது, யார் வீடு?" என்று துருவ வேண்டாம். கேட்பவருக்கு அது சாதாரண விசாரிப்பு. பதில் சொல்பவருக்கு ஜாதி விசாரணை. "எங்கே தங்கியிருக்கீங்க?" போதும். போன் நம்பர், அவர்களே எழுத விரும்பினால் மட்டும்.

சபையாருக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். எஸ்டேட் வாரியாகக் குடும்பங்களைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தொடர்ந்து இரண்டு ஞாயிறு வராதவருக்கு அந்த வாரமே ஒரு போன். "ஏன் வரலை?" என்று ஆரம்பிக்காமல் "உடம்பு எப்படி இருக்கு?" என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சீசன் முடிந்து கூட்டம் குறைந்தாலும் நால்வரும் அவரவர் இடத்தில் நிற்கட்டும். ரோஜாவுக்குச் செலவான பணம் டீத்தூளுக்கு ஆகும்.