மேகம் கருத்தால் முழங்கால் வலிக்குமா?

முதியோர் நல மருத்துவர் பதிலளிக்கிறார். மழைக்காலம் நெருங்குவதால், காவிரி டெல்டா வாசகர்கள் பருவநிலையையும் உடல்வலியையும் பற்றி அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எனக்கு 67 வயது. சின்ன வயதிலிருந்து நடவுக்கும் களைக்கும் போனவள். ஐப்பசியில் வானம் மூடினாலே, மழை இறங்குவதற்கு முதல் நாளே இரண்டு முழங்காலும் குடைய ஆரம்பித்துவிடுகின்றன. கஜா புயலுக்கு முந்தின நாள் படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. “எல்லாம் மனப்பிரமை” என்கிறான் மகன். அப்படித்தானா டாக்டர்?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் வலி உண்மையானது, அதை முதலில் மகனிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. ஆனால் அந்த வலியில் மேகத்துக்கு இருக்கும் பங்கு, நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

இதை ஆராய்ந்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. முடக்குவாத நோயாளிகள் 18 பேரின் வலியைப் பதினைந்து மாதங்கள் குறித்துவந்து, வானிலைக் குறிப்புகளோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1996இல் வெளியானது. அதில் தொடர்பு எதுவும் தென்படவில்லை. 2017இல் அமெரிக்காவில் வயதானவர்கள் மருத்துவரிடம் சென்ற ஒரு கோடிக்கும் மேற்பட்ட வருகைகளை அலசியபோதும், மழை நாட்களில் மூட்டுவலி, முதுகுவலி என்று வந்தவர்கள் கூடுதலாக இல்லை. மழையில் யார்தான் வைத்தியரிடம் கிளம்புவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதனால்தான் அவர்கள் மழை பெய்த வாரத்தை முழுவதுமாகவும் கணக்கெடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் வேறுபாடு இல்லை. மாறாக, இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர் நெடுநாள் வலி உள்ள இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கைப்பேசிச் செயலியில் தினமும் வலியைப் பதியச் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஈரப்பதமும் காற்றும் மிகுந்து காற்றழுத்தம் தாழ்ந்த நாட்களில் வலி கூடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இருபது சதவீதம் உயர்ந்திருந்தது. பெரிதாகத் தோன்றும் இந்த எண்ணின் பொருள், சாதாரண நாளில் நூறு பேரில் ஐந்து பேருக்கு வலி கூடுமானால் அப்படிப்பட்ட நாளில் ஆறு பேருக்குக் கூடும் என்பதே.

காற்றழுத்தம் குறையும்போது மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் சற்று விரிகின்றன என்றும், குருத்தெலும்பு தேய்ந்த மூட்டில் அந்தச் சிறு மாற்றமே நரம்பை உறுத்துகிறது என்றும் விளக்கம் சொல்வார்கள். குளிரில் மூட்டுக்குள் இருக்கும் உயவுத் திரவம் கெட்டிப்படுவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் எந்த மேகமும் இல்லாத நாளிலேயே காற்றழுத்தம் காலை பத்து மணியளவில் ஏறி, மாலை நான்கு மணியளவில் மூன்று நான்கு மில்லிபார் இறங்கிவிடுகிறது. கொடைக்கானலுக்குப் பேருந்தில் ஏறினால் இருநூறு மில்லிபாருக்கு மேல் குறையும். மூட்டுத் தேய்ந்தவர்கள் எல்லாரும் மலையேறியதும் அலறுவதில்லை. ஆகவே அழுத்தத்தின் மீது மட்டும் பழிபோட முடியாது என்பது என் கருத்து.

நான் பெரிதாக எடுத்துக்கொள்வது, அடைமழை நாட்களில் நாம் என்ன செய்கிறோம் என்பதைத்தான். வாசல் சேறாகிவிடும், வழுக்கி விழுவோமோ என்று கொல்லைக்குப் போவதுகூடக் குறையும், நாள் முழுக்கச் சில்லென்ற தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருப்போம். முழங்காலைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசை. நடை நின்றுபோனால் இந்த வயதில் அது விரைவாக வலுவிழக்கும், வலுவிழந்தால் எடை முழுவதும் தேய்ந்த மூட்டின் மேல் இறங்கும். கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. அதற்கு முந்தின நாள் கூரையைக் கட்டுவதும் சாமான்களை ஏற்றிவைப்பதும் பயமுமாகக் கழிந்திருக்கும். உடல் அலுப்பும் அச்சமும் தூக்கமின்மையும் சேர்ந்தால், இருக்கிற வலியே இரட்டிப்பாகத் தெரியும்.

ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் தரையில் உட்காராமல் நாற்காலியில் உட்காருங்கள். உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, பத்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். பிறகு மறு கால். காலையில் பத்துத் தடவை, மாலையில் பத்துத் தடவை போதும். மழை விட்ட நேரத்தில் திண்ணையிலாவது நடங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி அளிக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 72. மழைக்காலத்தைவிடக் கத்திரி வெயிலில்தான் எனக்குத் துன்பம். மூட்டுவலி இல்லை; ஆனால் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, இரவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது, உடலில் நீர் குறைந்த பிறகும் நாக்கு வறளாது. வியர்வைச் சுரப்பிகளின் வேகமும் குறைகிறது. கடலோரத்தை ஒட்டிய நம் மாவட்டங்களில் காற்றில் ஈரம் மிகுதி என்பதால், சுரக்கிற வியர்வையும் உலராமல் வழிகிறதே தவிர உடலைக் குளிர்விப்பதில்லை.

இதோடு உங்கள் மாத்திரையும் சேர்கிறது. கோடையில் இரத்தக் குழாய்கள் விரிவதால் அழுத்தம் தானாகவே சற்று இறங்கும். மார்கழியில் சரியாக இருந்த அளவு வைகாசியில் கூடுதலாகிவிடலாம். அதிலும் சிறுநீரை அதிகம் போகவைக்கும் வகை மாத்திரையானால் உப்பும் நீரும் சேர்ந்து வெளியேறும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். சித்திரை முடிவதற்குள் ஒருமுறை மருத்துவரிடம் சென்று, உட்கார்ந்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்; நின்றதும் அளவு வெகுவாக இறங்கினால் மாத்திரையை அவரே மாற்றித் தருவார். தாகத்துக்குக் காத்திராமல் தண்ணீர், மோர், நீராகாரம் என்று மாற்றி மாற்றிக் குடியுங்கள். இதயம் பலவீனப்பட்டோ சிறுநீரகம் பழுதுபட்டோ தண்ணீருக்கு அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இந்த அறிவுரை பொருந்தாது.

கேள்வி: என் தந்தைக்கு 74 வயது, சர்க்கரை நோய் உண்டு. மார்கழிப் பனியில் பாதமும் மூட்டும் வலிக்கிறது என்று அம்மா உப்பு ஒத்தடம் கொடுக்கிறார். அதற்கும் கேட்காவிட்டால் மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கிக்கொள்கிறார். சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு மரத்துப்போயிருக்கும். துணி முடிச்சில் சூடேற்றிய உப்பு தோலைப் பொசுக்கும்வரை அவருக்குச் சுடாது, கொப்புளத்தை மறுநாள்தான் பார்ப்பீர்கள். ஒத்தடம் முழங்காலுக்கு மட்டும் இருக்கட்டும், அதையும் அம்மா தம் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே கொடுக்கட்டும். நொச்சித் தழை போட்ட வெந்நீரில் பாதத்தை வைப்பதும் வேண்டாம். உடம்புக்கு இதமாகக் கம்பளியும் காலுக்கு உறையும் போதும்.

செட் மாத்திரையில் டைக்ளோஃபினாக் போன்ற வலிநீக்கிகள் இருக்கும். ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. முதலாவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும், இரண்டாவது சர்க்கரையை ஏற்றிவிடும். “ஒன்று போட்டால் சுகமாக இருக்கிறது” என்று நோயாளிகள் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கவலைதான் வரும். மேலே தடவும் ஜெல்லோ, மருத்துவர் அளவு சொல்லும் பாராசிட்டமாலோ போதுமா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: மழை விட்ட பிறகு என் அத்தைக்குக் காய்ச்சலும் கை, கால் மூட்டெல்லாம் வீக்கமும் வந்தன. “குளிர்காற்று பட்டுவிட்டது” என்று கஷாயம் குடித்துக்கொண்டிருக்கிறார்.
– வாசகி, வேதாரண்யம்

பதில்: காற்று பட்டுக் காய்ச்சல் வராது. மழைக்குப் பின் தேங்கும் நல்ல தண்ணீரில் பெருகும் ஏடிஸ் கொசு, சிக்குன்குனியாவையும் டெங்குவையும் பரப்பும். சிக்குன்குனியாவின் மூட்டுவலி முதியவர்களுக்கு மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: தை மாத அதிகாலையில் என் கணவருக்கு நெஞ்சிலிருந்து இடது தோள்வரை பிடித்துக்கொள்கிறது. பனிக்கு வாய்வு கூடிவிட்டது என்று பூண்டுப் பால் குடிக்கிறார். தொடரலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பூண்டுப் பாலை நிறுத்திவிட்டு, இந்த இதழ் கைக்குக் கிடைத்த அன்றே ஈசிஜி எடுங்கள். குளிர்ந்த மாதங்களில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது, மாரடைப்பும் கூடுகிறது. வாய்வுப் பிடிப்பு என்று வீட்டிலேயே முடிவு செய்யும் வலி இதுவல்ல. மறுபடியும் பிடித்தால், வியர்த்தாலும் வியர்க்காவிட்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் 108க்கு அழையுங்கள்.