அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்: முதல் வீடு வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: மேடவாக்கம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். 1,000 சதுர அடி, விலை 60 லட்சம். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் 10 லட்சம் கட்டினால் சதுர அடிக்கு 200 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். அக்ரிமென்டை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாமாம். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் சொந்த வீடு வாங்கியதில்லை. கட்டிவிடலாமா?
(வேளச்சேரி வாசகி)

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரெரா, 2016-ல் வந்தது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. 60 லட்சத்துக்கு 10 சதவீதம் 6 லட்சம்தான். உங்களிடம் கேட்பது 10 லட்சம். முதல் ரசீதிலேயே சட்டத்தைத் தாண்டச் சொல்பவரை நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்க வேண்டுமா? 200 ரூபாய் தள்ளுபடி என்பது மொத்தத்தில் 2 லட்சம். பெரிய பணம்தான். ஆனால் அதற்காக 10 லட்சத்தைப் பிடிமானம் இல்லாமல் விடக் கூடாது.

முதலில் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் கட்டினாலோ, எட்டு வீடுகளுக்கு மேல் கட்டினாலோ பதிவு கட்டாயம். அனுமதி பெற்ற பிளான், முடித்துத் தருவதாகச் சொன்ன தேதி எல்லாம் அங்கே இருக்கும். விளம்பர நோட்டீஸில் ஒரு தேதியும் ரெராவில் வேறு தேதியும் இருந்தால் ரெராவில் உள்ளதை நம்புங்கள். வாங்குபவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அந்தக் கட்டடத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்பதும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் செக்கில் எந்தக் கணக்கின் பெயரை எழுதச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பில்டரின் சொந்தப் பெயரில் செக் கேட்டால் எழுதித் தராதீர்கள்.

அடுத்து, இந்த 1,000 சதுர அடி எது என்று கேளுங்கள். படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்து சூப்பர் பில்ட்-அப் கணக்கில் சொல்லியிருப்பார்கள். வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் இடம்தான் கார்பெட் ஏரியா. அது 700 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், சதுர அடி 6,000 ரூபாய் என்று நினைத்த வீடு உண்மையில் 8,571 ரூபாய். இரண்டு ஃபிளாட்டுகளை ஒப்பிடும்போது கார்பெட் ஏரியாவை மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். யூடிஎஸ் எவ்வளவு? அதாவது பிரிபடாத நிலத்தில் உங்கள் பாகம். கட்டடத்துக்கு வயதாகும், விலை தேயும். முப்பது, நாற்பது வருஷம் கழித்து இடித்துக் கட்டும் நிலை வந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது இந்த நிலம்தான். கணக்கு ரொம்ப எளிது. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் ஒரே அளவில் பத்து வீடுகள் இருந்தால் ஆளுக்கு 480 சதுர அடி வர வேண்டும். பத்திரத்தில் 350 என்று இருந்தால், மீதி 130 யார் பெயரில் நிற்கிறது என்று கேளுங்கள். எதிர்காலத்தில் மேலே ஒரு மாடி எழுப்ப பில்டர் தன் பெயரிலேயே வைத்திருக்கலாம். பதில் எழுத்தில் வரட்டும்.

பணக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டின் மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படியென்றால் உங்களுக்கு 48 லட்சம் வரை கிடைக்கும், 12 லட்சம் கைப்பணம். கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், 3 லட்சம். 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரையிலான புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். மதிப்பு 60 லட்சம் என்றால் அது 4 லட்சத்து 20 ஆயிரம். கூட்டினால் உங்கள் கையிலிருந்து 19 லட்சத்து 20 ஆயிரம் போகும். கப்போர்ட், ஃபேன், கிரில் கேட், கிரகப்பிரவேசச் செலவு இதில் சேரவில்லை. இன்னொன்று: விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் போனால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தை நீங்களே பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் 60,000 ரூபாய். இது விலைக்குள்ளேயே அடங்குவது, கூடுதல் செலவு இல்லை. ஆனால் கட்ட மறந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்.

மேடவாக்கம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்தில்தான் இருக்கிறது. 2022-ல் அது ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. உங்கள் மனையின் சர்வே எண் அதிலிருந்து எவ்வளவு தூரம், ரெவின்யூ பதிவேட்டில் அது என்ன வகை நிலம் என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலை நீங்களே அந்தத் தெருவுக்குப் போங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று டீக்கடையில் கேளுங்கள், அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். சேல்ஸ் ஆபீஸில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் வாங்குங்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, வீடு ஒப்படைக்கும் தேதியைத் தெளிவாக எழுதி, அப்புறம் பணம் கட்டுங்கள். தேதி தவறினால் வட்டி கேட்கவும், வேண்டாம் என்று விலகி வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கவும் சட்டத்தில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை நிலைநாட்ட எழுத்தில் ஒரு தேதி வேண்டும்.

கேள்வி: மதுரையில் ஒரு பழைய தனி வீடு, 45 லட்சம். உரிமையாளர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மனைவியும் இரண்டு மகன்களும் கையெழுத்துப் போடத் தயார். மகள் மும்பையில் இருக்கிறார். "பொண்ணுக்கு அம்பது பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அவ கையெழுத்து வேண்டியதில்ல, ஈசியில வில்லங்கமே இல்ல" என்கிறார் புரோக்கர். 20 லட்சத்தை ரொக்கமாகவும் கேட்கிறார்கள். என்ன செய்வது?
(விளாங்குடி வாசகர்)

பதில்: மகளின் கையெழுத்து இல்லாமல் அந்த வீட்டை வாங்கவே வாங்காதீர்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் சம பங்கு. அவருடைய தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் உண்டு. ஐம்பது பவுன் போட்டாலும் நூறு பவுன் போட்டாலும் அந்தப் பங்கு அழியாது. சீர் கொடுத்தது அப்பாவின் அன்பு, பங்கு என்பது மகளின் உரிமை. இரண்டையும் குழப்பிப் பேசுவது நம் ஊரில் இன்னும் நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் இதை அனுபவித்திருக்கிறோம். நான் கல்லூரியில் படித்தபோது அப்பா ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரப் பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர்களுடைய அக்கா வழக்குப் போட்டுவிட்டார். அந்த அம்மாவின் மேல் தப்பே இல்லை. அட்வான்ஸ் திரும்பி வர மூன்று வருஷம் ஆயிற்று. அதுவரை அப்பா சரியாகத் தூங்கியதில்லை.

தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றை வாங்கிப் பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்குப் பங்கு வேண்டாம் என்றால், அவர் தன் விருப்பத்தோடு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தரட்டும். மும்பையிலிருந்து வர முடியவில்லை என்றால் தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை முறையாகப் பதிவு செய்து கொடுக்கலாம். ஆனால் பவர் பத்திரத்தையே கிரயம் என்று சொல்லி யாராவது விற்க வந்தால் ஏமாறாதீர்கள். பவர் பத்திரம் மூலம் மட்டும் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஈசி, அதாவது வில்லங்கச் சான்று, சுத்தமாக இருக்கிறது என்பதைக் கேட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வில்லங்கச் சான்றில் தெரியும். பதிவாகாத உயில், வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினை, எந்தெந்த வாரிசு இருக்கிறார்கள் என்பது எதுவும் அதில் வராது. ஒரிஜினல் பத்திரத்தை அடகு வைத்துக் கைமாற்றுக் கடன் வாங்கியிருந்தாலும் தெரியாமல் போகலாம். 30 வருஷத்துக்கு ஈசி போடுங்கள். அதில் வரும் ஒவ்வொரு பத்திரத்தையும் தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்திலிருந்து, சங்கிலி போல வக்கீல் கோத்துப் பார்க்கட்டும். ஒரிஜினல்களை உங்கள் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் காட்டுகிறார்கள் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பட்டாவும் நில அளவை வரைபடமும் அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். பத்திரத்தில் உள்ள அளவும் இடத்தில் உள்ள அளவும் ஒன்றா என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

ரொக்கம் விஷயம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதை விடுங்கள், உங்கள் நஷ்டத்தைப் பாருங்கள். பத்திரத்தில் 25 லட்சம் என்று எழுதினால் வங்கிக் கடன் குறையும். நாளைக்குச் சிக்கல் வந்தால் நீங்கள் 45 லட்சம் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம் இருக்காது. பின்னால் நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் ஏறும். முழு விலைக்கும் பத்திரம் போடுங்கள். பழைய வீட்டுக்குத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் ஆகும். அதையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: வங்கியே வீட்டுக் கடன் கொடுக்க ஒத்துக்கொண்டுவிட்டது. அவர்கள் வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டார். நான் வேறு தனியாக லீகல் ஒப்பீனியன் வாங்க வேண்டுமா?
(திருச்சி வாசகர்)

பதில்: வேண்டும். அந்த வக்கீல் பார்ப்பது வங்கியின் கடன் திரும்பி வருமா என்பதை. சொத்தில் சிக்கல் வந்தாலும் உங்கள் சம்பளத்திலிருந்து தவணை போய்க்கொண்டேதான் இருக்கும். சில ஆயிரம் ரூபாய் செலவு செய்து, புரோக்கரோ விற்பவரோ சொன்ன வக்கீலிடம் போகாமல், நீங்களாகத் தேடிய சிவில் வக்கீல் ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அட்வான்ஸுக்கு முன்பே வாங்குங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் சேர்ந்து 48 லட்சம் கடன் வாங்குகிறோம். வட்டி 8.5 சதவீதம். 20 வருஷம் எடுக்கலாமா, 15 வருஷமா? கடனோடு இன்ஷூரன்ஸும் கட்டாயம் என்கிறார் வங்கி ஊழியர்.
(கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: 20 வருஷம் என்றால் மாதத் தவணை 41,655 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய ஒரு கோடி கட்டியிருப்பீர்கள். முதல் தவணையில் 34,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும், அசல் குறைவது 7,655 ரூபாய் மட்டும். 15 வருஷம் என்றால் தவணை 47,268, மொத்தம் சுமார் 85 லட்சம். மாதம் 5,600 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் கிட்டத்தட்ட 15 லட்சம் மிச்சம்.

அப்படியும் நான் 20 வருஷம் எடுக்கத்தான் சொல்வேன். இரண்டு சம்பளமும் எப்போதும் வரும் என்று நினைத்துக் கணக்குப் போடுகிறோம். பிரசவம், அப்பா அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு, வேலை மாற்றம் என்று ஏதாவது வந்தால் பெரிய தவணை கழுத்தை இறுக்கும். தவணையைச் சின்னதாக வைத்துக்கொண்டு, போனஸ் வரும்போதெல்லாம் அசலில் கட்டுங்கள். முதல் வருஷ முடிவில் கூடுதலாக ஒரு லட்சம் கட்டினால், கடைசியில் சுமார் 11 மாதத் தவணை குறைந்துவிடும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் போட முடியாது. ஒரு சம்பளத்திலேயே தவணை கட்டிச் சமாளிக்க முடியுமா என்று ஆறு மாதம் வீட்டில் பழகிப் பாருங்கள். முடியவில்லை என்றால் சின்ன வீடாகப் பாருங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை. ஆனால் உங்கள் இருவருக்கும் ஆயுள் காப்பீடு அவசியம் என்பது என் கருத்து. கடன் தொகைக்கு ஈடாக ஒரு டேர்ம் பாலிசியை, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசியை, வெளியில் விசாரித்து எடுங்கள். வங்கி சொல்லும் பாலிசியின் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டால், அதற்கும் 20 வருஷம் வட்டி கட்டுவீர்கள்.

கேள்வி: பஞ்சாயத்து அப்ரூவல் மனை பாதி விலைக்கு வருகிறது. வாங்கி வீடு கட்டலாமா?
(திண்டிவனம் வாசகர்)

பதில்: பஞ்சாயத்து அப்ரூவல் மட்டும் போதாது. டிடிசிபி, அதாவது அரசின் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அப்படி வரன்முறை ஆன மனை என்றால் அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள். இரண்டும் இல்லாத மனையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பிளான் அனுமதிக்கும் வங்கிக் கடனுக்கும் அலைந்து ஓய்ந்துபோவீர்கள்.

கேள்வி: போன வாரம் எங்கள் வீட்டுக்குப் பத்திரப் பதிவு முடிந்தது. இனி வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?
(சேலம் வாசகி)

பதில்: வாழ்த்துகள்! பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று இணையத்தில் பாருங்கள். உட்பிரிவு செய்ய வேண்டிய மனை என்றால் தனியாக விண்ணப்பித்து, சர்வேயர் வந்து அளக்கும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒரு மாதம் கழித்து புதிதாக ஈசி போட்டு, உங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லையா என்று பார்த்துவிடுங்கள். ஒரிஜினல்கள் வங்கிக்குப் போவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் எடுங்கள், வாங்கிக்கொண்டதற்கு வங்கியிடம் பட்டியல் கையெழுத்தோடு பெறுங்கள். கடன் அடைந்த 30 நாளுக்குள் அவற்றை அவர்கள் திருப்பித் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அப்புறம் சொத்து வரி, குடிநீர் இணைப்பு, ஈபி கார்டு மூன்றிலும் பெயர் மாற்றம். பழைய உரிமையாளரின் கையெழுத்து சில இடங்களில் தேவைப்படும், அவர் ஊர் மாறிப் போவதற்குள் இந்த மாதமே வாங்கி வைத்துவிடுங்கள்.