எல்லாம் வாசிக்கிறவர் – கடிதம், பதில்

ஐயா, வணக்கம்.

வேலூரில் உங்களுக்குப் பியானோ கற்றுத்தந்த மாஸ்டரைப் பற்றிப் பழைய கட்டுரை ஒன்றில் நான்கு வரி எழுதியிருந்தீர்கள். நான் ராணிப்பேட்டைக்காரன். வயது 26. பியானோவில் எட்டாம் கிரேடு தேறியவன். வார நாட்களில் பள்ளியில் இசை ஆசிரியர், ஞாயிறு காலை தேவாலயத்தில் ஆர்கன், முகூர்த்த நாட்களில் ஆம்பூர், வாணியம்பாடி வரை போய்த் திருமண வரவேற்புகளில் கீபோர்டு. தனியாக மேடையேறி ஒரு மணி நேரம் வாசித்தது ஒரே ஒரு முறை. "எல்லாம் வாசிக்கிறவனுக்கு எதிலும் ஆழம் இருக்காது" என்கிறார் என் மாமா. அது உண்மைதானோ என்று இரவில் தோன்றுகிறது. உங்கள் மாஸ்டர் எப்படிப் பிழைத்தார்? அவரைக் கலைஞர் என்று சொல்வீர்களா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

சொல்வேன். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனையில் மாஸ்டருக்குத் தாள் புரட்டுவது என் வேலை. அன்று தனிப்பாடல் பாட வேண்டிய அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. எழுந்து நிற்பதற்குச் சற்று முன்பு குனிந்து, "மாஸ்டர், மேலே எட்டாது" என்றார். அவர் தலையை மட்டும் அசைத்தார். பாட்டு ஈ ஃபிளாட்டில் அச்சாகியிருந்தது, நம் சுருதிக் கணக்கில் இரண்டரைக் கட்டை. முன்னிசையை அவர் கீழே இறக்கி ஒரு கட்டையில், அதாவது சி-யில், எடுத்தார். தாளில் மூன்று ஃபிளாட் குறிகள் கண்ணெதிரே நிற்கின்றன, விரல்களோ வெள்ளைக் கட்டைகளில் போகின்றன. நான் தாளைப் புரட்ட மறந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கையால் மெல்ல இடித்துப் புரட்டச் சொன்னார். அக்கா கடைசி அடிவரை சிரமமில்லாமல் பாடினார். சபையில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

கண் படிப்பதை மூன்று அரைச்சுரம் தள்ளி விரல் வாசிக்க வேண்டும், காது பாடகியின் மூச்சோடு இருக்க வேண்டும். இதற்கு மேல் என்ன ஆழம் வேண்டும் என்று உங்கள் மாமாவிடம் கேளுங்கள்.

கீர்த்தனைகளுக்கு அவர் வாசித்த விதம் இன்னும் நுட்பமானது. தேவாலயப் பாட்டுப் புத்தகமான பாமாலையில் உள்ள பாடல்கள் மேற்கத்திய மெட்டுகள். நான்கு குரல் எழுதியே இருக்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மரபில் வந்த கீர்த்தனைகள் அப்படியில்லை, அவை ராகத்தில் நடப்பவை. பியானோவில் ஒரு சுரத்தை அழுத்திய பிறகு அசைக்க முடியாது. மோகனம் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், அசைந்தே ஒலிக்கும் தோடியின் காந்தாரத்துக்கு எங்கே போவது? மாஸ்டர் இடக்கையில் சட்ஜ பஞ்சமத்தைச் சுருதிபோல் பிடித்துக்கொண்டு, வலக்கையில் பாட்டு வந்து நிற்கும் சுரங்களை மட்டும் தொடுவார். சுரத்தை அசைக்கும் கமகம் வரும் இடத்தில் கையை எடுத்துவிடுவார். அந்த இடம் பாடுகிறவர்களுடையது. பிற்காலத்தில் சிக்கில் குருசரணின் பாட்டும் அனில் ஸ்ரீநிவாசனின் பியானோவும் சேர்ந்து ஒலித்ததைக் கேட்டபோது, எனக்கு மாஸ்டர் எடுத்துவிட்ட அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

பிழைப்பைக் கேட்டீர்கள். காலையில் பள்ளி, மாலையில் வீடு வீடாக வகுப்பு, சனிக்கிழமை பாடகர் குழு ஒத்திகை, இடையிடையே திருமணங்கள். சைக்கிள்தான் வாகனம். மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பியானோவின் மரம் காய்ந்து சுருதி இறங்கும். 88 கட்டைகளுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். சுருதி சேர்க்கிறவர் சென்னையிலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வர வேண்டும். அதுவரை பியானோவுக்குள் அடிப்பக்கம் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார். சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி அரிக்காமலிருக்கத் துணியில் முடிந்த அந்துருண்டை. ஆராதனை முடிந்ததும் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.

தனி மேடைதான் பியானோ வாழ்க்கை என்ற எண்ணத்துக்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. பியானோ மேதை லிஸ்ட் 1840-இல் லண்டனில் நடத்திய கச்சேரிகளிலிருந்துதான் தனிக் கச்சேரிக்கு ரிசைட்டல் என்ற பெயர் நிலைத்தது. அதே காலத்துப் பியானோ மேதை ஷோபின் வாழ்நாளில் பொதுமேடை ஏறியது சுமார் 30 முறை. பாரிஸில் அவருக்குச் சோறு போட்டது வகுப்புகள். ஜெரால்டு மூர் வாழ்நாள் முழுக்கப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாகவே வாசித்தார். 1967-இல் அவர் மேடையிலிருந்து விடைபெற்றபோது ஃபிஷர்-டீஸ்காவ், ஷ்வார்ட்ஸ்கோஃப், விக்டோரியா தெ லோஸ் ஆங்கெலஸ் மூவரும் லண்டனில் ஒரே மேடையில் அவருக்காகப் பாடினார்கள். பக்கவாத்தியத்தின் அருமையை நமக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல மிருதங்கம் இல்லாமல் எந்த வித்துவான் மேடை ஏறுகிறார்?

மாமா சொல்வதில் ஓர் இடம் மட்டும் உண்மை. அதை மறைக்க மாட்டேன். பியானோவின் கட்டை இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். வரவேற்புகளுக்குக் கொண்டுபோகும் இலேசான கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அவ்வளவு தேவையில்லை. முகூர்த்த மாதங்களில் அதிலேயே வாசித்தால் நான்காம், ஐந்தாம் விரல்கள் பலம் இழக்கும், மெல்லிய ஓசைக்கும் வலிய ஓசைக்கும் நடுவே உள்ள படிகள் கையைவிட்டுப் போகும். நீங்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். எத்தனை மணிக்கு வீடு திரும்பினாலும் மறுநாள் காலை அரை மணி நேரம் உண்மையான பியானோவில் பாக் வாசியுங்கள், மெதுவாக. பாமாலையில் நாளுக்கு ஒரு பாட்டை எடுத்து, அச்சான கட்டையிலும் அதற்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டைகளிலும் வாசியுங்கள். மாஸ்டர் எங்களுக்கு வைத்த பயிற்சி இது.

இன்னொன்று. மாஸ்டர் ஒத்திகைக்குப் பணம் கேட்டதே இல்லை. ஆராதனைக்கு ஒரு மணி நேரம் என்றால் ஒத்திகைக்கு ஆறு மணி நேரம் போகும். அந்த ஆறு மணி நேரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கடைசிக் காலத்தில் மருந்துக்குத் திண்டாடினார். தேவாலயத்துக்கு மனமுவந்து வாசியுங்கள், அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது. திருமண வீட்டாரிடம் மட்டும் ஒத்திகை நேரத்தையும் பஸ் செலவையும் சேர்த்து முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாதியைக் கையில் வாங்கிய பிறகு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.