வாசகர் கேள்வி: புதுக்கடை வரை போகத்தான் வேணுமா?

கேள்வி: உயர் நீதிமன்றத்தைச் சீர்திருத்துவதால் வன்னியில் இருக்கிற எங்களுக்கு என்ன? (வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: 2020இல் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் உயர் நீதிமன்ற நீதியரசர்களின் உச்ச எண்ணிக்கையை 11இலிருந்து 17 ஆக்கியது. சரி, ஆள் கூடியது; இடம் மாறவில்லையே! அடிப்படை உரிமை மீறல் மனுவை இன்றும் கொழும்பு புதுக்கடையில் இருக்கிற உயர் நீதிமன்றத்தில்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். காணிப் பிரச்சினைக்காக நானும் முல்லைத்தீவில் இரவு பஸ் ஏறினேன். விடிய இறங்கி, சட்டத்தரணி தேடி, சத்தியக்கடதாசி முடிக்க இரண்டு நாள் பிந்திவிட்டது. நெல் விற்ற காசும் அதோடு சரி. மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் இந்த மனுக்களை விசாரிக்கும் அதிகாரம் வேண்டும் என்ற யோசனைதான் எனக்குப் பெரிது. (வவுனியா என்றால் பின்னேரம் மாடு கட்ட வந்துவிடலாம்.) அதுவரை, மாதம் முடியுமுன் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுங்கள், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.